வெள்ளைப் பட்டுக்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸ்

செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவள். மற்றப் பெண்கள் நகைக்கடை வாசலில் நின்றால் நான் செருப்புக்கடை வாசலில் நிற்பேன். காரணம் வேறொன்றுமில்லை, நான் குள்ளம். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் வரைக்கும் முதல் வரிசையில் முதல் ஆள் நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு ஆசை ஆசையாக வாங்கிய முதல் பொருள் குதிகால் உயர்ந்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நடந்தபோது ஊரே இரண்டு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை உயரமானவர்களிடம் எப்படிச் சொன்னாலும் புரியாது.

அப்படிப்பட்டவளுக்கு அரசாங்கம் வேலை போட்டுக் கொடுத்த இடம் வத்தல்மலை. எண்பதுகளின் நடுவில் அந்த மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரம் வரைக்கும் பஸ், அதற்கு மேல் அவரவர் கால். முதல் நாள், டீச்சராகச் சேரப் போகிறோமே, டீச்சர் மாதிரி போக வேண்டாமா என்று ஹீல்ஸைப் போட்டுக்கொண்டே ஏறினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது. ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வலது குதிகால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நான் முன்னால் போனேன், குதிகால் அங்கேயே நின்றுவிட்டது. சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கி வந்த மலைக்காரம்மா ஒருத்தி, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தாள்.

"இன்னொண்ணையும் ஒடச்சுப்போடு கண்ணு. அப்பத்தான் நேரா நடக்கலாம்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. இடது செருப்பை என் காலிலிருந்து கழற்றி, ஒரு கல்லில் வைத்துத் தட்டி, அவளே உடைத்தும் கொடுத்தாள். என் இரண்டு அங்குலம் போன கதை அதுதான்.

ஆனால் பாருங்கள், அந்த மலை எனக்குப் பிடித்துப்போனது. திங்கள் காலையில் ஏறினால் வெள்ளி சாயங்காலம் இறங்குவேன். நடுவில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓட்டு அறையில் தங்கல். திங்கட்கிழமைகளில் கடைசித் திருப்பத்தில் பிள்ளைகள் மொத்தப் பேரும் உட்கார்ந்திருப்பார்கள். என் தலை தெரிந்ததும் "டீச்சர் வந்துட்டாங்க" என்று யாராவது கத்த, அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பி ஓடுவார்கள். நான் போய்ச் சேரும்போது மூச்சு இரைக்க இரைக்கப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏறலாம். நான் சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஹீல்ஸ் போனபிறகு ரப்பர் செருப்பு. வார் பிய்ந்தால் ஒரு ஊக்கு. வெயில் காலத்தில் ஒன்றும் சொல்வதற்கில்லை. மழை விழுந்துவிட்டால் மட்டும் அந்தச் செருப்பு என் பேச்சைக் கேட்காது, அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்.

இந்த நேரத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. அதைக் கொண்டு வந்தது தரகர் இல்லை, எங்கள் டிராக்டர். அப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சரி பண்ணியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட உட்காராமல் அதையே சொன்னார்.

"எஞ்சினப் பூரா பிரிச்சுப் போட்டாம்மா அந்தப் பையன். ஒரு நட்டு மிச்சம் வெக்காம திரும்ப மாட்டிட்டான்."

பையனும் நம்மைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் வீட்டுப் பையன்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும், அப்பாவுக்குத் தக்காளி என்ன ஆயிற்று என்பதே மறந்துபோயிற்று.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உயரமென்றால் உயரம், எங்கள் வீட்டு நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மலை ஏற எவ்ளோ நேரமாவுங்க டீச்சர்?"

"ரெண்டு மணி நேரங்க."

"எறங்க?"

"வழுக்குனா சீக்கிரங்க" என்றேன்.

அவர் சிரிப்பை மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கண்ணாடி டம்ளரை உற்றுப் பார்த்தார். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கோழிக்குத் தீனி போடும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சொன்ன வாய்க்குப் பலித்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால் நல்ல மழையில் இறங்கி வந்தேன். பாதி வழியில் செருப்பு வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் ஒரு சரிவு பூராவும் சறுக்கிக்கொண்டே வந்து ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். கணுக்கால் வீங்கிவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று விந்தி விந்தி நடந்து போய் எல்லாரையும் கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"என்னாங்க, பொண்ணு காலச் சாச்சு நடக்குது?"

அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப கல்யாணத்துக்கப்பறம் மலை வேணாங்க. வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டும். அஞ்சு நாளு பொண்டாட்டி மலமேல, புருசன் பாலக்கோட்டுல இருந்தா அதுக்குப் பேரு குடும்பமா? நாளைக்குக் கால ஒடச்சுக்கிட்டு வந்தா யாருங்க பாக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். அதுதான் சிக்கல். கோபம் என்றால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இந்த மாற்றல், கீற்றல் எல்லாம் அப்போது நினைத்தவுடனே கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. மலை வேண்டாம் என்றால் வேலையே வேண்டாம் என்றுதான் அர்த்தம். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மோதிரம் மாற்றினோம், எல்லாரும் பலகாரம் சாப்பிட்டார்கள். என் பங்கை நான் கோழிக்குப் போட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பங்குச் சாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். முதல் ஓலையன்று எனக்கு எழுந்து நின்று, சாமி, தடை இருக்குதுங்க, என் வேலை என்னாவுது என்று கேட்கலாம்போல இருந்தது. கேட்கவில்லை. மாப்பிள்ளை வேண்டும், மலையும் வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக ஜெபம் பண்ணினேன்.

இரண்டாவது ஓலை வாசித்த வாரம் மாப்பிள்ளையின் அக்கா என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரை அண்ணி என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணுக்குத் தலையிலிருந்து கால்வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. வெள்ளைப் பட்டு, தலைக்கு வலை, பூக்கிரீடம், கடைசியாகச் செருப்பு. அதே மாதிரி மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் பெண் வீட்டுச் செலவு. வாங்கிக் கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

செருப்புக்கடைக்காரர் ஒரு வெள்ளை ஹீல்ஸை எடுத்து வைத்தார். ஐயோ, அதை என்னவென்று சொல்வது. பால் வெள்ளை, மேலே சின்னதாக ஒரு வெள்ளிப் பக்கிள், குதிகால் மெலிந்து உயர்ந்து நின்றது. போட்டு நின்றேன், கண்ணாடியில் வேறு யாரோ தெரிந்தாள். அண்ணி என் பக்கத்தில் நின்று தோளை அளந்து பார்த்தார்.

"இப்பச் சரியா இருக்குது பாரு. போட்டாவுல எங்க தம்பி தோளு வரைக்காவது வந்துருவ. அம்மாவும் அதத்தான் சொல்லி அனுப்புனாங்க."

எனக்கும் ஆசைதான். அதைக் கட்டச் சொல்லிவிட்டு என் பழைய செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான் பெஞ்சுக்கு அடியில் தூசி படிந்து அது கிடந்தது. பழுப்பு நிறத்தில், தடித்த தோலில், கணுக்காலை மூடுகிற உயரத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ். பித்தளைக் கொக்கிகள், சிவப்புக் கயிறு. திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் முழுக்க ஆழம் ஆழமாக வெட்டு.

"அது வெள்ளக்காரங்க மலையேறுறதுக்குப் போடுறதுங்க" என்றார் கடைக்காரர். "ஆம்பூர்ப் பக்கம் வெளிநாட்டுக்குச் செஞ்சது. சைசு ரொம்பச் சின்னதாப் போச்சுன்னு தள்ளிட்டாங்க. எத்தன நாளாவோ கெடக்குது, யாருக்கும் ஆவல."

காலை விட்டேன். எனக்கு ஆயிற்று. குள்ளமாகப் படைத்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கயிற்றை இழுத்துக் கட்டியதும் யாரோ கணுக்காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கடைக்குள் நடந்தேன். குதித்தேன். மாடிக்குப் போகிற மொசைக் படியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஊற்றினார். ஈரப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி, திரும்பி, தடதடவென்று இறங்கி வந்தேன். இம்மிகூட வழுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்குப் போவுதுங்களா, பட்டாளத்துக்குங்களா?" என்று கடைக்காரர் அண்ணியைக் கேட்டார்.

"அண்ணி, இதுதான் வேணும்" என்றேன்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு சோடிதான் கண்ணு வாங்கச் சொன்னாங்க. இத வாங்குனா இதத்தான் போட்டுக்கிட்டு நீ கோயிலுக்கு வரணும், தெரியுதா?"

"தெரியுது அண்ணி. நான் விழுந்துருவேன்னுதான அத்தை மலை வேணாங்கறாங்க. இதப் போட்டா நான் விழமாட்டேன். உங்க தம்பி என்னா சொல்றாரு?"

"அவன் எங்க வாயத் தெறக்கறான்? ஸ்பேனரு பேசுனாத்தான் அவன் பதில் பேசுவான்."

ஹீல்ஸை ஒரு கையிலும் பூட்ஸை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் போட்டோ, ஒரு பக்கம் பிள்ளைகள். அந்த வெள்ளிப் பக்கிளைக் கடைசியாக ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்க நான் சிரிக்க, வெள்ளைப் பட்டுக்குக் கீழே இதுவா என்று அவர் ஒரு தரம் சொல்ல, இரண்டு பேருக்கும் மூச்சு முட்டிவிட்டது. பஸ்ஸில் தொப்பூர் தாண்டியும் அடங்கவில்லை. முன்சீட்டுப் பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"சேலைய நல்லா எறக்கிக் கட்டிக்க. அம்மா கண்ணுல பட்டுச்சு, மொதல்ல என்னையத்தான் தொலச்சுப்புடுவாங்க" என்று இறங்கும்போது அண்ணி சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பூட்ஸை மாட்டினேன். அவிழ்ந்து சேலையில் சிக்கிவிடக் கூடாதே என்று முடிச்சுக்கு மேல் முடிச்சாக, கையில் இருந்த பலத்தையெல்லாம் வைத்து இறுக்கினேன். சேலை அதன்மேல் தரையைத் தொட்டு இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை. நான் கொஞ்சம் உயர்ந்தும் இருந்தேன், அந்த அடித்தட்டின் கனம் அப்படி.

கோயில் வாசலில் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டுதான் என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். இல்லை, அப்பா தருமபுரியில் வாங்கிக் கொடுத்த ஷூ. பளபளவென்று, மூக்குக் கூராக, அப்போது வாலிபர்கள் எல்லாரும் ஆசைப்பட்ட மாதிரி. கடையில் இருந்ததிலேயே அழகானதை எடுத்த அப்பா, அளவைக் கேட்க மறந்துவிட்டார். மனிதர் நிச்சயதார்த்தத்தில் நான் நடந்ததைவிட மோசமாக விந்திக்கொண்டிருந்தார்.

உள்ளே வருகைப் பாடல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் படி ஏறினோம். கதவருகே நின்ற உபதேசியார் கையை நீட்டி மறித்தார். எனக்குச் சின்ன வயதில் ஜெப மந்திரமெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க ரெண்டு பேரும்."

எனக்குச் சுரீரென்றது. எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது, எல்லாரும் தரையில்தான் உட்காருவோம், ஒருத்தரும் செருப்போடு உள்ளே போக மாட்டோம். மாப்பிள்ளை வீட்டாரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் டவுன் கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஷூவோடுதான் போவார்கள். நான்? ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து வெறுங்காலோடு போன கோயில் அது. ஹீல்ஸா பூட்ஸா என்று சேலம் வரைக்கும் போய் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு, இரண்டுமே வாசலோடு சரி என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

மாப்பிள்ளை ஒரு நொடியில் ஷூவை உதறிவிட்டு, "அப்பாடா" என்றார். நான் சேலையைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினேன்.

"என்னாம்மா இது?" என்றார் உபதேசியார்.

"பூட்ஸுங்க."

"கழட்டு."

எப்படிக் கழற்றுவது? கையில் பூச்செண்டு, தலையில் கிரீடம், வலை, இடுப்பில் ஊக்குப் போட்ட கொசுவம். குனியவே முடியவில்லை. போதாததற்குச் சிரிப்பு வேறு. உள்ளே பாட்டு முடிந்து, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கியது. தரையில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. முன்னால் போயிருந்த மாமியாரும் எழுந்து வந்துவிட்டார்.

அவர் கீழே பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தூணுக்குப் பின்னால் போய்விட்டார். என் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் உறைத்தது. மலை போயிற்று என்று நினைத்தேன். கல்யாணமும் போயிற்றோ என்றுகூட நினைத்தேன்.

மாப்பிள்ளை கோட்டைப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அந்தப் படியில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கால இப்படி வைங்க டீச்சர்" என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

வைத்தேன். முடிச்சை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"யாருங்க கட்டுனது?"

"நான்தாங்க."

"நல்லாக் கட்டுனீங்க" என்றவர் நகத்தால் முயன்று பார்த்தார், ஆகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆர்மோனியக்காரர் மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டார், மாப்பிள்ளை பெண்ணின் பூட்ஸ் கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வழியாக இரண்டும் கழன்றன. உடனே எழுந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஒன்றைத் திருப்பி, அடிப்பாகத்து வெட்டில் கட்டை விரலை விட்டு ஆழம் பார்த்தார். டயர் வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்துவிட்டு எழுந்தார். வெறுங்காலோடு உள்ளே போனோம்.

பூசை எப்படி நடந்தது, சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தாலி ஏறியது தெரியும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கட்டை விரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தாரே, என்ன நினைத்தார், இனி இது எதற்கு என்றா?

பூசை முடிந்து வெளியே வந்தோம். யாரும் சொல்லாமலேயே அவர் மறுபடியும் அந்தப் படியில் உட்கார்ந்து பூட்ஸை எடுத்தார். மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"அதான் எல்லாம் ஆயிடுச்சே, எதுக்கு மறுபடியும் அத மாட்டற? அக்கா செருப்பப் போட்டுக்கிட்டு வரட்டும். இனிமே மலைக்கா போவப் போவுது?"

அவர் நிமிரவில்லை. கயிற்றைக் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கெழம ஏறணும்மா. பள்ளிக்கூடம் இருக்குதில்ல. நல்ல பூட்ஸு, வழுக்காது."

மாமியாரும் குனிந்து அந்தப் பூட்ஸைப் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டு காலுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டார். இழுத்தால் வரக்கூடிய முடிச்சு.

"இறுக்கமா இருக்குதுங்களா டீச்சர்?"

இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மகனிடம், எனக்குக் கேட்கும்படியாக, "மழ பேஞ்சா மட்டும் மலமேலயே தங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

போட்டோவுக்கு நிறுத்தினார்கள். அவர் அந்தக் கூர்மூக்கு ஷூவைத் திரும்பப் போட மாட்டேன் என்று கையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் வெறுங்காலில், நான் பூட்ஸில். அளந்து வைத்த மாதிரி அவர் தோளுக்கு வந்துவிட்டேன். போட்டோக்காரர், பொண்ணு தலையக் குனிங்க, பொண்ணு சிரிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் குனிந்துதான் பார்த்தேன். குனிந்தால் சேலைக் கரைக்குக் கீழே அவர் போட்ட முடிச்சு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் நிற்க என்னால் ஆகவில்லை.